பிரிஸ்க்: ஒரு பாராட்டும் அதைச் சம்பாதிக்கும் கொழுந்தும்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையேறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் கம்போங் ராஜா. இன்று அது காய்கறிக்கும் பூவுக்கும் பெயர்போன இடம். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைகள். ஆனாலும் ஊரை ஒட்டியிருக்கும் புளூ வேலி தோட்டத்தில் தேயிலைதான் பழைய குடி. தோட்டத்தின் பெயரிலேயே அங்கு ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. இந்த மலைச்சரிவுகளில் கிள்ளப்படும் கொழுந்து கடை அலமாரிக்கு வந்து சேரும்போது, தன் உறைமேல் சில ஆங்கிலப் பாராட்டுகளையும் சுமந்துகொண்டு வருகிறது. பிரைட், பிரிஸ்க், ஃபைன், ஃபிளவரி, போல்ட் என்று அவை நீளும்.

சுற்றுலாப் பயணி இவற்றை அலங்காரம் என்று எண்ணி எடுத்துக்கொள்வார். விற்பவரும் பலமுறை அப்படித்தான் எழுதுகிறார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தேயிலைத் தொழிலில் ஒரு வேலைக்காகப் பிறந்தது. கொழுந்தின் பயணத்தில் அதற்கென்று ஓரிடம் இருக்கிறது. அங்கே வைத்தால்தான் அது பாராட்டு. இடம் தப்பினால் வெற்றுச் சத்தம், சில வேளைகளில் குறை கூறுவதாகவே ஆகிவிடும். இந்தச் சொற்களில் பிரிஸ்க் என்ற ஒன்றையும், அதைச் சம்பாதிக்கக் கம்போங் ராஜாவின் கொழுந்து படும் பாட்டையும் பற்றி எழுதுகிறேன்.

அன்றாட ஆங்கிலத்தில் பிரிஸ்க் என்றால் சுறுசுறுப்பு. வேகமாக நடப்பவரின் நடைக்கு அதைச் சொல்வார்கள். தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் சுவைஞர்கள் அதை வடித்த சாயத்துக்கு மட்டுமே சொல்வார்கள். வாயில் பட்டவுடன் ஈறு லேசாக இறுகி, விழுங்கியபின் நாக்கைத் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக்கும் உயிர்ப்பான துவர்ப்பு அது. சாயம் கறுத்து, கெட்டியாக இருந்தும் இந்தக் குணம் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்டதை ஃபிளாட் என்றோ சாஃப்ட் என்றோ எழுதி ஒதுக்கிவிடுவார்கள்.

சொல் இந்த மலைக்கு வந்த பாதை நீளமானது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி முதன்முதலில் தேயிலையை ஏலம் விட்டது 1679இல். அப்போது சரக்கெல்லாம் சீனத்து இலை. அசாமில் விளைந்த முதல் எட்டுப் பெட்டிகள் அங்கே ஏலம் போனது 1839 ஜனவரியில். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்டார். 1873இல் அங்கிருந்து 23 பவுண்டு லண்டனுக்குப் போனது. பத்தே ஆண்டுகளில், 1883இல், கொழும்பிலும் ஏலம் தொடங்கிவிட்டது. விளைகிற மலைக்கும் விற்கிற நகரத்துக்கும் நடுவில் கடல் கிடந்தது. இலையைக் கண்ணால் பார்க்காதவர் பணம் கட்ட வேண்டியிருந்தது. தரகர் சுவைத்து எழுதிய இரண்டு மூன்று சொற்களை நம்பித்தான் வியாபாரம் நடந்தது. அதனால் அந்தச் சொற்களுக்கு அளவு வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பொருளில் எழுதினால் பெட்டி தேங்கிவிடும். கொழும்புத் தரகர்களின் சந்தை அறிக்கைகளில் பெஸ்ட் என்ற சொல்லே ஒரு விலைப்பிரிவு. அதற்குக் கீழே பிலோ பெஸ்ட், அதற்கும் கீழே பிளெய்னர். மற்ற இடங்களில் வாய்க்கு வந்தபடி புரளும் ஓர் உயர்வுச் சொல், அங்கே ரூபாயில் எண்ணப்படும்.

இந்தத் தொழில்மொழி கேமரன் மலைக்கு வந்தது ஆட்களோடு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காடு வெட்டி, மலையைத் திருத்தி, செடி நட்டதில் பெரும் உழைப்பு தமிழர்களுடையது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையோடு கூலியாள் அனுப்புவதை நிறுத்தியபோது, வந்தவர்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் வேர்விட்டிருந்தார்கள். கணக்கெழுதும் கிராணியின் ஏட்டில் ஆங்கிலம், வேலை வாங்கும் கங்காணியின் வாயிலும் பறிப்பவர் வாயிலும் தமிழ். கொழுந்து என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே அவர்கள் தரத்தை வைத்திருந்தார்கள். முற்றிய இலையை எவரும் கொழுந்து என்று சொல்வதில்லை.

கொழுந்தில்தான் முதல் பாராட்டு விழுகிறது. அது ஃபைன். ஃபைன் பிளக்கிங் என்றால் ஒரு மொட்டும் அதையடுத்த ஒன்றிரண்டு இளம் இலையும் மட்டும் கிள்ளுவது. மூன்றாவது, நான்காவது இலைவரை இறங்கினால் அது கோர்ஸ் பிளக்கிங். ஆகவே ஃபைன் என்பது தேயிலையைப் பற்றிய சொல் என்பதைவிடப் பறிப்பைப் பற்றிய சொல். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டு ஒடிகிற நொடியில் அது தீர்மானமாகிவிடுகிறது. பிறகு எந்த இயந்திரத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையும் இப்படி ஒவ்வொன்றாகக் கிள்ளியது என்றால், கூடை சுமந்த பெண்களின் நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்று கேமரன் மலையில் கையால் பறிப்பது அருகிவிட்டது. ஆள் பற்றாக்குறையால் பெட்டி பொருத்திய கத்தரியும், இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வரிசை மேல் நகர்த்தும் இயந்திரமும் வந்துவிட்டன. இயந்திரம் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில்தான் கைக்கு வேலை. பறிப்பவர்களில் பலர் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். இயந்திரம் மட்டம் பார்த்து வெட்டும். மொட்டைப் பார்த்து வெட்டாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, தோட்டம் பிழைக்க வேண்டும். ஆனால் இயந்திரம் வெட்டிய இலைக்கு ஃபைன் பிளக்கிங் என்று உறையில் எழுதக் கூடாது. அந்தப் பெயரடை ஒரு கைவேலையின் கூலி. வேலை நடக்காத இடத்தில் அதைப் போடுவது, செய்தவருக்குச் சேர வேண்டியதை எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது.

கொழுந்து தொழிற்சாலைக்குள் போகிறது. அங்கேதான் பிரிஸ்க் உருவாகிறது, அங்கேதான் தொலையவும் தொலைகிறது. பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது பங்கு தண்ணீர். தொட்டியில் பரப்பிக் காற்று செலுத்தி அரை நாளுக்கும் மேலாக வாட விடுகிறார்கள். வாடிய இலையை உருட்டும் இயந்திரத்தில் போட்டு முறுக்கியதும் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளியே வருகிறது, காற்று படுகிறது, இலை செம்பு நிறத்துக்கு மாறத் தொடங்குகிறது. தொழிலில் இதைப் புளிக்கவைத்தல் என்று சொன்னாலும் நடப்பது ஆக்சிஜனேற்றம். இலையிலிருக்கும் கேட்டெச்சின்கள் முதலில் தியாஃபிளேவின் என்ற பொருளாகின்றன. நேரம் போகப் போக தியாரூபிஜின் பெருகுகிறது.

1950களில் ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இந்தப் பொருள்களைப் பிரித்துக் காட்டியபோது, சுவைஞர்கள் அதுவரை நாக்கை மட்டும் நம்பி எழுதிவந்த சொற்களுக்குப் பொருள்வழிச் சான்று கிடைத்தது. பிரைட் என்ற ஒளிக்கும் பிரிஸ்க் என்ற உயிர்ப்புக்கும் தியாஃபிளேவின் காரணம். அது காஃபீனோடு சேர்ந்துதான் அந்தத் துவர்ப்பைத் தருகிறது. கருஞ்சிவப்பு நிறத்துக்கும் கனத்துக்கும் தியாரூபிஜின் காரணம். காய்ந்த தேயிலையின் எடையில் தியாஃபிளேவின் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தியாரூபிஜினோ பத்துப் பங்குக்கும் மேல். அத்தனை சிறிய பங்கைக் கண்ணுக்குத் தெரியாமலே நாக்கால் கண்டுபிடித்து, அதற்கொரு பெயரும் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. நல்ல சாயம் ஆறும்போது பாலாடை போலக் கலங்குவதும் காஃபீனோடான அந்தச் சேர்க்கையால்தான். கிரீம் என்று சுவைஞர்கள் அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், பாராட்டாகவே. விவரம் தெரியாதவர் தேநீர் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்.

இளங்கொழுந்தில் கேட்டெச்சின் அதிகம், முற்றிய இலையில் குறைவு. ஆகவே மலையில் ஃபைன் இல்லாமல் போனால் கோப்பையில் பிரிஸ்க் கிடைப்பது அரிது. இரண்டு சொல்லும் வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டாலும் ஒன்று மற்றொன்றைச் சார்ந்தே நிற்கிறது. அடுத்த சோதனை நேரம். தொழிற்சாலையில் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் இலையை முகர்ந்து, நிறத்தைப் பார்த்து, போதும் என்று அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் சாயம் பச்சை நெடி அடிக்கும். பிந்தினால் நிறம் ஏறிக்கொண்டே போகும், உயிர்ப்பு இறங்கிவிடும். உலர்த்தியில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு வரை குறைந்ததும் மாற்றம் நின்றுபோகிறது. சூடு மிஞ்சினால் அதற்கும் ஒரு சொல் காத்திருக்கிறது: பேக்கி. அது பாராட்டு அல்ல.

பிறகு சுவைக்கும் மேசை. 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டுத் தரம் இதற்கு முறை வகுத்திருக்கிறது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிய வெள்ளைப் பீங்கான் பாத்திரம், ஆறு நிமிடம். சுவைஞர் முன்னால் மூன்று பொருள்கள் வைக்கப்படுகின்றன: காய்ந்த இலை, நீரில் அவிந்த இலை, வடித்த சாயம். பாராட்டுச் சொற்கள் இந்த மூன்றாகப் பிரிந்து நிற்கின்றன. காய்ந்த இலைக்கு நீட், டிப்பி, நன்கு முறுக்கியது, கறுப்பானது. அவிந்த இலைக்கு பிரைட், செம்பு நிறம். சாயத்துக்கு பிரைட், பிரிஸ்க், கலரி, ஸ்ட்ராங். பிரைட் இரண்டுக்கும் பொருந்தும். பிரிஸ்க் சாயத்தைத் தவிர எதற்கும் பொருந்தாது. பிரிஸ்க் லீஃப் என்று எழுதினால் வாசிப்பவர் எழுதியவரைத் தொழில் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்.

இந்தச் சொற்களுக்கென்றே 1982இல் ஐ.எஸ்.ஓ. 6078 என்ற சொற்கோவை வெளிவந்தது. விளம்பரம் எழுதுகிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். போல்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி உறைகளைப் பார்த்துப் பழகியவருக்கு அது வீரமான சுவை. தேயிலைக்காரருக்கு, அந்தத் தரத்துக்குரிய அளவைவிடப் பெரிதாக விழுந்த இலைத்துண்டு. சலிப்பு சரியில்லை என்று பொருள். சாஃப்ட் என்றால் மென்மை என்று மகிழ்கிறோம். தொழிலில் அது பிரிஸ்க்குக்கு நேர் எதிர், உயிர்ப்பு போன சாயம். ஃப்ரூட்டி இன்னும் மோசம். பழவாசம் என்று ஆசையாக எழுதுவார்கள். சுவைஞர் அறிக்கையில் அது புளிக்கவைத்தல் மிஞ்சியதையோ கிருமி பட்டதையோ சொல்லும் குற்றச்சாட்டு. கிரீன் என்றால் இன்று இயற்கை, நலம் என்று பல பொருள். கறுப்புத் தேயிலைக்கு கிரீன் என்று எழுதினால், சரியாகப் பக்குவப்படாத இலை என்று எழுதியதாகும். இந்த நான்கையும் ஒரே உறையில் பாராட்டாக அச்சிட்டுவிடுவது எளிது. தொழில் அறிந்த ஒருவர் அதைக் கையில் எடுத்தால் நான்கு புகார்களைத்தான் வாசிப்பார்.

எல்லா விளம்பரமும் இப்படித் தவறுவதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் பலருக்கும் நினைவிருக்கும் த்ரீ ரோசஸ் தேயிலை விளம்பரம் நிறம், திடம், சுவை என்று மூன்றைச் சொன்னது. அந்த மூன்றும் சுவைஞர் சாயத்தில் தேடுகிறவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சாயத்தைப் பற்றி மட்டும் பேசி, இலையின் தோற்றத்தைத் தொடாமல் விட்டது அதன் ஒழுங்கு. நல்ல வணிக எழுத்துக்கு அதை உதாரணமாகச் சொல்வேன்.

உறையில் காணும் இன்னொரு வகைப் பெயர் பாராட்டே இல்லை, பாராட்டு போலத் தோன்றுவது. ஆரஞ்ச் பீக்கோ என்பதில் ஆரஞ்சுப் பழத்தின் மணமும் இல்லை, சுவையும் இல்லை. பீக்கோ என்பது மொட்டிலிருக்கும் வெண்ணிறப் பூமுடியைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது. இன்று ஆரஞ்ச் பீக்கோ என்றால் நீண்ட முழு இலை. புரோக்கன் என்று முன்னால் வந்தால் உடைந்த இலை. ஃபேனிங்ஸ், டஸ்ட் என்றால் அதைவிடப் பொடி. சல்லடை பிரிக்கும் அளவுகள் அவை. டார்ஜிலிங்கிலும் அசாமிலும் ஆரஞ்ச் பீக்கோவுக்கு முன்னால் ஃபிளவரி, கோல்டன், டிப்பி, ஃபைனஸ்ட் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எழுத்துக்களின் நீண்ட கோவையே உருவாகிவிட்டது. அவையும் மொட்டின் நிறத்தையும் தோற்றத்தையும் சொல்பவைதான். டஸ்ட் என்ற தரத்தில் கடுமையாக பிரிஸ்க்கான சாயம் இருக்கலாம். அழகான முழு இலை சப்பென்று இருக்கலாம். மலேசியக் கடைகளில் இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்குப் பொடித் தேயிலைதான் ஏற்றது. கெட்டிப்பாலையும் சீனியையும் தாண்டி வர வேண்டிய துவர்ப்பு அது. அந்தப் பொடியைத் தாழ்ந்த சரக்கு என்று நினைப்பவருக்கு டஸ்ட் என்ற பெயர் தந்த ஏமாற்றம்தான் காரணம்.

ஃபர்ஸ்ட் ஃபிளஷ் என்ற சொல்லும் அப்படி இடம் மாறி அலைகிறது. குளிரில் உறங்கிய செடி மார்ச் வாக்கில் விடும் முதல் தளிருக்கு டார்ஜிலிங்கில் அந்தப் பெயர். கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. செடிக்கு உறக்கமே கிடையாது. ஆண்டு முழுதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். இங்கே முதல் தளிர் என்று ஒன்றைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆண்டு முழுதும் பறிக்கிற மலை என்பதே இதன் பெருமை. அதைச் சொல்ல வேறு ஊரின் பெயரடையைக் கடன் வாங்க வேண்டாம்.

பிரிஸ்க் என்ற சொல்லே ஒருமுறை தன் வீட்டைவிட்டு வெகுதூரம் போயிருக்கிறது. லிப்டன் நிறுவனம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தன் அமெரிக்க விளம்பரங்களில் சுவைஞர்களின் இந்தச் சொல்லை முன்னிறுத்தியது. பின்னர் அதுவே சீனி சேர்த்துக் குப்பியில் விற்கும் குளிர்ந்த தேநீர் வகை ஒன்றின் பெயராயிற்று. ஒரு குணத்தைக் குறித்த பெயரடை, குணத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயராக நின்றுவிட்டது. அமெரிக்காவில் இன்று அந்தச் சொல்லைக் கேட்கிற இளைஞருக்குக் குளிர்பானம்தான் நினைவுக்கு வரும். லண்டன் தேயிலை ஏலமும் 1998 ஜூனில் நின்றுபோனது. சொல்லுக்கு அளவு வைத்திருந்த மன்றங்களில் மூத்தது மூடப்பட்டபின், அந்த அளவைக் காக்கும் பொறுப்பு எழுதுகிறவர்களிடம் வந்துவிட்டது.

மலேசியச் சட்டமும் இதில் பேசுகிறது. 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளில் 18ஆம் விதி, தரப்படுத்தல், தரம், மேன்மை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை, அதற்குரிய அதிகார அமைப்பு வகுத்த தரத்துக்கு ஒத்திருந்தாலன்றி உணவு உறையில் போடக் கூடாது என்கிறது. பியூர் என்ற சொல்லுக்கும் அங்கே நிபந்தனை உண்டு. மேன்மைச் சொல்லை வைத்து வாங்குபவரை ஏமாற்றுவது பழைய பழக்கம் என்பதால்தான் சட்டம் எழுத வேண்டி வந்தது.

இன்னொன்றை உறை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிரிஸ்க் காலாவதியாகும். தொழிற்சாலையில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரத்தோடு வெளியே வந்த தேயிலை, மலை இறங்கிச் சமவெளியின் புழுக்கத்துக்குள் போகிறது. மூடாத டப்பாவில் ஈரம் ஏறும். ஆறேழு பங்கைத் தாண்டினால் உயிர்ப்பு வேகமாக இறங்கிவிடும். மிச்சம் இருப்பது நிறம் மட்டும். சுவைக்கும் மேசையில் உண்மையாக எழுதப்பட்ட பாராட்டு, ஓராண்டு கழித்து அடுப்படியில் பொய்யாகிவிடக்கூடும். குற்றம் எழுதியவருடையது அல்ல. ஆனால் தேதி இல்லாத உறையில் அந்தச் சொல்லைப் போடும்போது, குற்றத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறோம். கோப்பையில் சுவை இல்லை என்றால் வாங்கியவர் டப்பாவைச் சந்தேகிக்க மாட்டார், கேமரன் மலையைத்தான் சந்தேகிப்பார்.

இன்று கம்போங் ராஜாவிலும் பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் சிறுதொழிலாகத் தேயிலை பொட்டலம் கட்டுகிறவர்கள், விடுதி அறைகளில் தேநீர் அட்டை எழுதி வைக்கிறவர்கள், இணையத்தில் விற்கிறவர்கள் என்று பல தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். பாட்டி கூடை சுமந்த மலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் முதல் தலைமுறை அவர்களில் பலர். அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பெயரடையை எழுதும் முன் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். கையால் மொட்டும் இளந்தளிருமாகக் கிள்ளியிருந்தால் ஃபைன் பிளக்கிங் என்று எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவிந்த இலை செம்பாகப் பளிச்சென்று இருந்தால் பிரைட் இன்ஃபியூஷன். சாயம் வாயைச் சுத்தமாக்கும் துவர்ப்போடு இருந்தால் பிரிஸ்க் லிக்கர். மூன்றும் இருந்தால் மூன்றையும் தாராளமாக எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், அது உழைத்துப் பெற்ற பெயர். இரண்டு கிராம் எடுத்து, ஆறு நிமிடம் வைத்து, பால் சீனி இல்லாமல் நீங்களே குடித்துப் பார்த்தபின் எழுதுங்கள். பொட்டலத்தின் அடியில் பறித்த மாதத்தையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.